டீக்கடைப் பேச்சு

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரத் தெருமுனைகளிலும் நாட்டு நடப்பு முதலில் அலசப்படும் இடம் டீக்கடை. விடியும் முன்பே பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். பேப்பர் கட்டும் அதே நேரத்துக்கு வந்து இறங்கும். பால்காரர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், முதல் பஸ்ஸுக்கு நிற்கும் கொத்தனார், இரவுக் காவல் முடித்தவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என நாலைந்து பேர் ஒரு பெஞ்சில் சேர்கிறார்கள். மழை, நெல் விலை, பக்கத்து ஊர் வெட்டுக்குத்து, அமைச்சரவை மாற்றம், கிரிக்கெட், பட்டா மாற்றக் கேட்கும் லஞ்சம் எல்லாம் ஒரே மூச்சில் வந்துபோகும். யாரும் தலைமை தாங்குவதில்லை, யாரும் முடிவுரை சொல்வதில்லை. கிளாஸ் காலியானதும் பேச்சின் நடுவிலேயே எழுந்து போய்விடலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பேச்சுக்குப் படித்தவர்களிடம் மதிப்பில்லை. ஒரு வாதத்தைத் தள்ளிவிட ‘டீக்கடை அரசியல்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த ஏளனம் நியாயமற்றது. டீக்கடையில் சொல்லப்படும் கருத்துக்கு ஆதாரம் குறைவாக இருக்கலாம், ஆனால் அதைச் சொன்னவருக்கு முகம் இருக்கிறது. அவருக்கு எவ்வளவு நிலம், எந்தக் கட்சி, எங்கே கடன் என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். இன்று சொன்னதை நாளைக் காலை அதே பெஞ்சில் கேட்பார்கள். போகிற போக்கில் சொல்லும் கருத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாளியாக்கும் ஏற்பாடு இது. அந்த ஏற்பாட்டுக்குள் யார் இருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பெருமையும் குறையும் விளங்கும்.

டீக்கடைக்கு முன்பும் ஊர்ப்பேச்சுக்கு இடங்கள் இருந்தன. வீட்டுத் திண்ணை, சாவடி, ஆலமரத்தடி, கோயில் மண்டபம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆனால் திண்ணை ஒரு வீட்டுக்குச் சொந்தம், சாவடி பெரும்பாலும் ஒரு சாதிக்குச் சொந்தம். அங்கே உட்கார உரிமை வேண்டும். காசு கொடுத்தால் உட்காரலாம் என்ற நிலை முதலில் காபி கிளப்புகளில்தான் வந்தது. அங்கும் அது முழுமையாக வரவில்லை. காபி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957-இல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

தேநீர் வேறு வழியாக வந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அசாமிலும் விளைந்த தேயிலை வெளிநாட்டுச் சந்தைக்கானது. 1930-களின் உலகப் பொருளாதார நெருக்கடியில் ஏற்றுமதி விலை சரிந்தபோதுதான் உள்நாட்டில் வாங்குவோரை உருவாக்கும் வேலை தீவிரமாயிற்று. தேயிலைமீது விதித்த வரியிலிருந்து வந்த பணத்தில் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் ஆலை வாசல்களிலும் விளம்பரம் செய்தார்கள், போட்டுக் காட்டி இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். நல்ல இலை கப்பலேற, மலிவான தூள் தென்னாட்டுக் கடைகளுக்கு வந்தது. கொஞ்சம் தூளில் அடர்த்தியான டிகாஷன் கிடைக்கும். உழைப்பாளிகளின் சட்டைப்பைக்கு அது ஏற்றதாக இருந்தது. பசியைச் சற்று ஆற்றும், களைப்பைப் போக்கும், பத்து நிமிடம் உட்கார ஒரு காரணமும் தரும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேச்சு பிறந்தது.

பேச்சுக்கு விஷயம் கொடுத்தது நாளிதழ். ‘சுதேசமித்திரன்’ 1882-இல் வார இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழானது. ஆனால் அதன் நடை படித்தவர்களுக்கான நடை. கூலிக்காரரும் படிக்கக்கூடிய நாளிதழ் 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’தான். லண்டனில் சட்டம் படித்த அவர் அங்கே சாதாரண மக்கள் வாங்கிப் படிக்கும் மலிவுப் பத்திரிகைகளைக் கண்டவர். சிறிய வாக்கியம், பெரிய தலைப்பெழுத்து, படம், கொலை வழக்கு, கோர்ட்டு விசாரணை, உள்ளூர்ச் செய்தி என்று அதற்கொரு வடிவம் கொடுத்தார். மக்கள் பேசுகிற சொல்லில் எழுத வேண்டும் என்பதைத் தம் நிருபர்களுக்கு விதியாகவே வைத்தார். அவர் எழுதிய ‘இதழாளர் கையேடு’ அந்தப் பயிற்சியின் ஆவணம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் அந்தப் பேப்பரை வாசித்துவிடலாம். ‘கன்னித்தீவு’ படக்கதையைப் பார்த்துப் பார்த்தே எழுத்தில் தேறியவர்கள் உண்டு.

இதில் ஒரு கேடும் சேர்ந்தே வந்தது. குடும்பத் தகராறையும் கொலையையும் அந்தப் பத்திரிகை மரபு சொன்ன விதத்தில் பெண்தான் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றாள். ‘கள்ளக்காதல்’ என்ற தலைப்புச் சொல் செய்தியைப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடும். டீக்கடையில் பெண்களைப் பற்றி உருவான பல முரட்டுக் கருத்துகளுக்கு அந்தத் தலைப்புகளும் காரணம். எளிய தமிழைப் புகழும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அன்றைய சென்னை மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2011-இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் டீக்கடை ஒரு வாசிப்புக்கூடமாகவே இயங்கியது. ஒரு கடைக்கு ஒரு பேப்பர் அல்லது இரண்டு. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தலைப்பைப் படித்ததும் அவரை நிறுத்திவிடுவார்கள், கருத்துகள் கிளம்பிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்புறம்தான் வரும். ‘அந்த இடத்தை இன்னொரு தரம் படிங்க வாத்தியாரே’ என்று யாராவது கேட்பார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது முதலில் பேசியவரின் கருத்து பல சமயம் ஆட்டம் கண்டுவிடும். அதை அவர் எல்லார் முன்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது புதிதாக ஒரு காரணம் தேட வேண்டும்.

படிக்கத் தெரிந்தவர்கள் பெருகியபின் பேப்பரைப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஒருவர் கையில் முதல் தாள், இன்னொருவரிடம் மாவட்டச் செய்தி, விளையாட்டுப் பக்கம் ஓர் இளைஞனிடம், ஏல விளம்பரமும் வரி விளம்பரமும் தரகரிடம். ஒரே பேப்பரை நாலு பேர் ஒரே நேரத்தில் படித்தாலும் எவருக்கும் முழுச்செய்தி தெரியாது. ‘அங்க என்ன போட்டிருக்கான்?’ என்று கேட்டாக வேண்டும். முதல் பக்கத்துச் செய்தியின் தொடர்ச்சி வேறொருவர் வைத்திருக்கும் தாளில் இருக்கும், அவர் வாசித்துச் சொல்வார். அந்தக் கட்டாயம்தான் தனியாகப் படிப்பதைக் கூட்டுப் பேச்சாக மாற்றியது. ஆளுக்கொரு பிரதி வாங்கும் வசதி அன்றே இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு நடந்திருக்காது.

பேச்சு நடக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் தூரத்துச் செய்தியை உள்ளூர் அளவுகோலால் அளந்து பார்ப்பார்கள். மத்திய பட்ஜெட் என்றால் யூரியா மூட்டை விலை, காவிரித் தீர்ப்பு என்றால் மேட்டூரில் எத்தனை அடி, பெட்ரோல் விலை என்றால் டவுனுக்குப் போய்வர எவ்வளவு. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி என்பது பள்ளிக்கூடமே போகாத தஞ்சைப் பகுதி விவசாயிக்கும் மனப்பாடம். அணை எவ்வளவு நிறைந்தால் ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், திறக்காவிட்டால் குறுவை என்னவாகும் என்று அவர் சொல்லும் கணக்கு நீர்வளத்துறையின் அறிக்கைக்குச் சளைத்ததாக இருக்காது. வெளியுறவுக் கொள்கை பற்றியோ பங்குச்சந்தை பற்றியோ அதே மனிதர் சொல்வது வெறும் ஊகமாக இருக்கும். டீக்கடைக் கருத்து எங்கே கனமானது, எங்கே லேசானது என்பதைப் பேசுகிறவரின் வாழ்க்கை எதைத் தொட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதற்கு உறவுமுறை விளிகள் பெரிய உதவி. ‘மாமா, உங்க கட்சி இந்தத் தடவை டெபாசிட்டாவது வாங்குமா?’ என்று ஒருவர் கேட்பார். ‘எண்ணும்போது வா மாப்ள, அப்பப் பேசிக்குவோம்’ என்று பதில் வரும். இருவரும் உண்மையில் உறவினராக இருக்க வேண்டியதில்லை. மாமன் மச்சான் முறைக்குக் கேலி செய்ய உரிமை உண்டு, கேலிக்குக் கோபப்படுவது அழகில்லை. மேடையில் சொன்னால் கைகலப்பில் முடியக்கூடிய சொற்கள் இந்த விளிகளுக்குள் அடங்கிச் சிரிப்பாகக் கரைந்துவிடும். அப்படி அடங்காத நாள்களும் உண்டு. ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்’ என்ற பலகையைக் கடைக்காரர்களும் சலூன்காரர்களும் மாட்டுவது அதனால்தான். பேச்சு நீண்டால் பெஞ்சு காலியாகாது, சண்டை வந்தால் கிளாஸ் உடையும், ஒரு கட்சிக்காரர் கோபித்துக்கொண்டால் அவர் ஆட்கள் எல்லாரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் பேச்சே இல்லாத கடைக்கும் ஆள் வராது. ஆகையால் பலகை பாட்டுக்குத் தொங்கும், பேச்சு பாட்டுக்கு நடக்கும். பேச்சு சூடேறும்போது டீ மாஸ்டர் ‘அண்ணே, டீ ஆறுது’ என்பார். அந்த ஒரு சொல்லில் பல தகராறுகள் நின்றிருக்கின்றன.

அரசியல் இயக்கங்கள் இந்த இடத்தின் வலிமையைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. பொதுவுடைமைக் கட்சியின் ‘ஜனசக்தி’யும் அண்ணாவின் ‘திராவிட நாடு’ம் கருணாநிதியின் ‘முரசொலி’யும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த இதழ்கள் அல்ல. டீக்கடையிலும் சலூனிலும் தையற்கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடந்து, தாள் கிழியும்வரை கைமாறியவை. 1949-இல் தி.மு.க. தோன்றியபின் ஊருக்கு ஊர் படிப்பகங்கள் எழுந்தன. கீற்றுக்கொட்டகை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, தலைவர்களின் படம், சில இதழ்கள் என்பவையே அவற்றின் சொத்து. பல படிப்பகங்கள் டீக்கடைக்குப் பக்கத்திலேயே இருந்தன. மேடையில் கேட்ட அடுக்குமொழி மறுநாள் காலை பெஞ்சில் பேச்சுமொழியாக மாறியது. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அதையொட்டி வந்த அரிசித் தட்டுப்பாடும் அங்கே நாள்தோறும் பேசப்பட்டன. 1967-இல் காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அந்த முடிவு நாட்டையே திகைக்க வைத்தது. அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் இரண்டாண்டு பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தவர்களுக்கு அவ்வளவு திகைப்பு இருந்திருக்காது.

வானொலியும் இதே பெஞ்சுக்கு வந்தது. காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து வந்த ஆகாசவாணித் தமிழ்ச் செய்தியின்போது பேச்சு நிற்கும், செய்தி முடிந்ததும் இரட்டிப்பாகத் தொடங்கும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்து பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. அரசியல் பேசாதீர் என்ற பலகையில் அப்போது போலீஸ் பயமும் சேர்ந்துகொண்டது. அச்சில் வராததைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டு ஒலிபரப்புகளைத் தேடும் பழக்கம் வலுத்தது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டபின் அந்தப் பழக்கம் இன்னும் பரவியது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியையும் இரவில் சிற்றலையில் பிடித்துக் கேட்டவர்கள், மறுநாள் காலை டீக்கடையில் செய்தியாளர்களாக மதிக்கப்பட்டார்கள். பேப்பர் சொல்வதும் ரேடியோ சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அந்த ஆண்டுகள் கற்றுக்கொடுத்தன. எந்தச் செய்தியையும் இன்னொரு செய்தியோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைப் பள்ளிக்கூடங்கள் இன்றும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தருவதில்லை.

இவ்வளவும் பெஞ்சில் உட்கார முடிந்தவர்களின் கதை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் மக்கள் அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தீண்டாமையை அரசமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. கடையிலும் உணவகத்திலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. 1955-லும் 1989-லும் தண்டனைச் சட்டங்கள் வந்தன. இத்தனைக்குப் பிறகும் இரட்டைக் குவளை முறை நீடித்தது. சிரட்டையில் ஊற்றுவது, தனிக் கிளாஸ் வைப்பது, குடித்தவரையே கழுவிவைக்கச் சொல்வது, தரையில் குந்தவைப்பது என்று அது ஊருக்கு ஊர் வேறு வடிவம் எடுத்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி, எவிடென்ஸ் போன்ற அமைப்புகள் களத்துக்குப் போய் இவற்றைப் பதிவுசெய்திருக்கின்றன. தூக்கி எறியும் கப் வந்தபின் சில ஊர்களில் கண்ணாடிக் கிளாஸ் ஒரு சாதிக்கும் கப் இன்னொரு சாதிக்கும் என்றானது. அதைச் சுகாதாரம் என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது என்பதுதான் கொடுமை.

நின்றுகொண்டும் குந்திக்கொண்டும் குடிப்பவரால் பேச்சில் சேர முடியாது. பேப்பர் அவர் கைக்கு வராது. கூலி உயர்வு கெட்டதா நல்லதா என்ற விவாதம் கூலி வாங்குகிறவர் ஐந்தடி தள்ளி நிற்க, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நடந்தது. டீக்கடை ஜனநாயகத்தின் பள்ளி என்று புகழ்கிறவர்கள் இந்த ஐந்தடியைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இதை எதிர்த்த போராட்டங்கள் ஒருபக்கம் நடந்தன. மறுபக்கம் சேரிகளிலேயே தனி டீக்கடைகள் வந்தன. அம்பேத்கர் படம் மாட்டிய அந்தக் கடைகளும், அவற்றையொட்டிய மன்றங்களும் இரவுப் பள்ளிகளும் வேறொரு பெஞ்சை உருவாக்கின. பெரிய தெருவில் ‘சின்னத் தகராறு’ என்று பேசப்பட்ட சம்பவம் அங்கே வன்கொடுமை என்ற சரியான பெயரைப் பெற்றது. 1990-களில் தலித் அரசியல் எழுந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று ஊர்த்தெரு வியந்தது. ஊர்த்தெருவின் காது அந்தப் பெஞ்சுவரை எட்டியதே இல்லை.

பெண்களுக்கு எந்தப் பெஞ்சும் இல்லை. டீக்கடை வாசலில் பெண் நின்று குடிப்பது நகரங்களிலேயே அண்மைக் காலத்தில்தான் சகஜமாயிற்று. கிராமத்தில் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள். பல கடைகளில் வடை சுடுவதும் பாத்திரம் கழுவுவதும் கடைக்காரரின் மனைவிதான். எல்லாப் பேச்சும் அவர் காதில் விழுகிறது, அவர் கருத்தை யாரும் கேட்பதில்லை. பெண்களின் பேச்சுக்குக் குழாயடி, ரேஷன் கடை வரிசை, நாற்றங்கால், பீடி சுற்றும் திண்ணை என்று வேறு இடங்கள் இருந்தன. அவற்றில் பிறந்த கருத்துக்கு டீக்கடைக் கருத்துக்குக் கிடைத்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ‘குழாயடிச் சண்டை’ என்ற பெயரே கிடைத்தது. ஆனால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ரேஷன் அரிசியில் எவ்வளவு கல், சாராயக் கடை வந்தபின் தெருவில் என்ன நடக்கிறது என்பவற்றில் அவர்களைவிட நம்பத்தக்க சாட்சிகள் கிடையாது. தமிழ்நாட்டில் மதுக்கடைகளுக்கு எதிராக நடந்த பல போராட்டங்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இந்நிலையில் ஓர் அசைவை உண்டாக்கியது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்ததும் மனு எழுதினார்கள், கூட்டமாகக் கலெக்டர் ஆபீஸ் போனார்கள். இன்று, நூறு நாள் வேலை என்று பெயர்பெற்ற ஊரக வேலை நடக்கும் ஏரிக்கரையும் வாய்க்கால் மேடும் பெண்களின் பேச்சுக்கான இடமாக ஆகியிருக்கின்றன. 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடந்த அந்த வேலையில் தமிழ்நாட்டில் மிகப் பெரும்பான்மையாகச் சேர்ந்தவர்கள் பெண்கள். வெவ்வேறு தெருப் பெண்கள் சம்பளத்தோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு அதற்குமுன் அரிதாகவே இருந்தது. மகளிர் உரிமைத்தொகை யாருக்கு வந்தது, யாருக்கு ஏன் வரவில்லை, கூலி எத்தனை வாரம் பாக்கி என்று அங்கே நடக்கும் அலசலை வேட்பாளர்கள் இப்போது தேடிப்போய்க் கேட்கிறார்கள். வாக்குச் சேகரிக்க வேலைத்தளத்துக்கே போகாத கட்சி இல்லை.

கருத்துக்கு முகம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கொடிய சான்று உண்டு. 2018-இல் குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் சுற்றுகிறது என்ற வதந்தி செல்போன்களில் பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த 65 வயதுப் பெண்மணி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக ஊரார் கூடி அவரை அடித்தே கொன்றார்கள். வதந்தி டீக்கடையிலும் பிறக்கும், அதற்குக் கணக்கில்லை. ஆனால் பெஞ்சில் ஒருவர் அப்படிச் சொன்னால் ‘யார் சொன்னது? எந்த ஊர்ப் பிள்ளை காணாமப் போச்சு?’ என்று எதிரே இருப்பவர் கேட்டுவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே இருக்கிறார். கையிலுள்ள திரையில் வந்த செய்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, அனுப்பியவரைக் கேட்டால் அவருக்கும் யாரோ அனுப்பியது என்பார். ஒரு கொலைக்குப் பின்னாலும் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

டீக்கடையும் மாறிவருகிறது. நகரங்களில் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். வாடகை ஏறிய இடத்தில் உட்கார்ந்து பேசும் வாடிக்கையாளர் கடைக்காரருக்கு நஷ்டம். நின்று குடிக்க இடுப்புயர மேசை, கையில் காகிதக் கப், ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆள். புறவழிச் சாலைக் கடைகளில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் மறுபடி பார்க்கப் போவதில்லை, பேப்பர் கிடந்தாலும் பேச்சு எழுவதில்லை. ஊர்க் கடைகளில் பெஞ்சு இன்னும் இருக்கிறது. அதில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

திருப்பூர், கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் இதே கடைகளுக்கு இன்னொரு கூட்டம் வருகிறது. பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பனியன் கம்பெனியும் கட்டுமானமும் உணவகமும் அவர்களை நம்பி நடக்கின்றன. அவர்கள் நாலைந்து பேராக ஓரமாய் நின்று தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், பெஞ்சில் அவர்களைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். காவல்துறை மறுப்பு வெளியிட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்தது. அந்த நாள்களில் சில தொழிலாளர்களிடம் டீக்கடைக்காரர்கள்தான் தெரிந்த அரைகுறை இந்தியில் நிலவரம் சொன்னார்கள். சில ஆண்டுகள் தங்கிவிட்டவர்கள் தமிழ் பேசுகிறார்கள். கூலி, அறை வாடகை, கேஸ் விலை பற்றிப் பெஞ்சில் பேச்சு வரும்போது அவர்களிடமும் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்பதற்கு உள்ளூர்க்காரர்கள் இன்னும் பழகவில்லை.